வெடித்த விண்மீனின் சொந்த ஊர்

நடக்க முடியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற செய்தியை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே, உலகத்தில் முதலில் கேட்டவர், எங்கள் ஊர் நாரந்தனைப் பக்கம் போகும் பஸ்ஸில் மரக்கறிப் பையோடு எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா.

“அக்கா, ஒரு கிழட்டு விண்மீன் மண்டலத்துக்குள்ள இளம் நட்சத்திரம் ஒண்டு வெடிச்சிருக்கு. அப்பிடி நடக்கவே ஏலாது!”

“நடந்திட்டுதெல்லோ பிள்ளை,” என்றார் அவர். “இந்தப் பையை ஒருக்காப் பிடியும், அடுத்த தரிப்பில நான் இறங்கோணும்.”

பையைப் பிடித்தேன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும். அவர் இறங்கிய பிறகு யன்னலால் கையையும் காட்டினேன். அன்றைக்கு நான் யாருக்கும் கை காட்டியிருப்பேன்.

நான் அப்போது பௌதிகவியல் இறுதி வருடம். எனக்குக் கிடைத்த ஆய்வு வேலை இதுதான்: பெரிய விண்மீன்கள் சாகும்போது வெடிக்கின்றன, அந்த வெடிப்புகளை எங்கெங்கோ உள்ள பெரிய தொலைநோக்கிகள் பிடித்துப் பதிந்து, பட்டியலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. அதில் அறுபதை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த விண்மீன் மண்டலத்தில், அதன் எந்த மூலையில் நடந்தது, அந்த மூலை எப்படிப்பட்ட இடம் என்று பார்த்து அட்டவணை போட வேண்டும். அட்டவணையின் கடைசி நிரலுக்கு நான் வைத்த தலைப்பு, ‘வீடு’.

வானியல் படிக்கிற பிள்ளை இராமுழுக்க முழித்திருக்கும் என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒரு நம்பிக்கை. என் வானியல் நடந்தது காலை பத்து மணிக்கு, குசினி மேசையில், அம்மா வெங்காயம் உரிக்கிற இடத்துக்கு இரண்டு சாண் தள்ளி. அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய லப்டொப்பில் வெங்காயத் தோல் பறந்து விழும், நான் ஊதித் தள்ளிவிட்டு அடுத்த படத்தைத் திறப்பேன். பத்துப் படங்கள் போவதற்குள் அம்மாவுக்கும் வேலை பிடிபட்டுவிட்டது.

“இது நீலமாக் கிடக்கு. இதில வெடிச்சிருக்கும்,” என்பார்.

“எப்பிடியம்மா தெரியும்?”

“நீதானே சொன்னனி, நீலமெண்டால் குஞ்சு குருமன் இருக்கிற இடமெண்டு.”

நான் சொன்னதுதான். நம்முடைய சூரியன் போன்ற ஒன்று ஆயிரம் கோடி ஆண்டு ஆறுதலாக எரியும். மிகப் பெரிய விண்மீன்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தம்மிடம் உள்ளதையெல்லாம் சில கோடி ஆண்டுகளுக்குள், சிலவேளை அதற்கும் முதலே, எரித்து முடித்துவிடும். அண்டத்தின் கணக்கில் அது ஒரு மத்தியானம். அதற்குள் பிறந்த இடத்தை விட்டு வெளியே போக நேரம் ஏது? ஆகவே அவை எங்கே பிறந்தனவோ ஏறத்தாழ அங்கேயே வெடிக்கின்றன: சுருள் மண்டலங்களின் கைகளில், நீலக் கொத்துகளுக்குள், வாயு முகில் இளஞ்சிவப்பாக ஒளிரும் திட்டுகளின் கரையில். பெரிய விண்மீன் ஒன்று வெடித்தால், அந்த அயலில் இன்னும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சாவுச் செய்தி என்று வாசிக்கத் தொடங்குவோம், கடைசியில் அது தொட்டில் இருக்கும் வீட்டின் முகவரியாக இருக்கும். இதை முதன்முதல் விளங்கிக்கொண்ட நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“பெரிசு ஏன் கெதியாச் சாகுது?” என்று அம்மா கேட்டார்.

“கூடத் தின்னுதம்மா.”

“உதைக் கனடாவில இருக்கிற கொண்ணைக்குச் சொல்லு.”

முப்பத்தாறு வரிகள் இப்படிச் சிரிப்பும் வெங்காயமுமாகப் போயின. எல்லாம் ஒழுங்கு. நீலம், நீலம், சுருள் கை, இளஞ்சிவப்புத் திட்டு, நீலம். முப்பத்தேழாவதில் மாட்டினேன்.

வெடித்தது பெரிய விண்மீன்தான், சந்தேகமில்லை. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள், கிழட்டு விண்மீன் வெடிப்பில் வராத ஐதரசனின் கோடுகளைத் தெளிவாகப் பதிந்திருந்தார்கள். ஆனால் அந்த இடத்துக்கான மண்டலம் என்று என் அட்டவணையில் வந்து நின்றது, முட்டை வடிவத்தில், மஞ்சளாக, ஒரு சுருளோ திட்டோ இல்லாமல் மழமழவென்று கிடந்த ஒரு பெரிய கிழடு. இப்படியான நீள்வட்ட மண்டலங்களில் வாயு முடிந்து எத்தனையோ நூறு கோடி ஆண்டுகள். அங்கே இருப்பதெல்லாம் சாவகாசமாக எரியும் முதிய விண்மீன்கள். தொட்டிலே இல்லாத வீட்டில் குழந்தை அழுதது போல இருந்தது எனக்கு.

மிச்ச வரிகளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு, அடுத்த நாளே என் ஆய்வுக்குப் பொறுப்பான சேரிடம் ஓடினேன். எங்கள் சேர் எதையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பார். கழற்றினார், திரைக்குக் கிட்டப் போனார்.

“எங்க, வீடு எது?”

“இதுதான் சேர். பெரிசு.”

“நீள்வட்டம்.”

“ஓம் சேர்.”

“ஐதரசன் இருக்கோ?”

“வடிவா இருக்கு சேர்.”

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “பிள்ளை, இது சரியெண்டால் பெரிய விஷயம். பிழையெண்டால், மேடையில நீர் நிக்க, கீழ நான் இருந்து நெளியோணும்.”

மேடை என்று அவர் சொன்னது அடுத்த வியாழக்கிழமை நடக்க இருந்த மாணவர் ஆய்வு நாளை. எங்கள் துறையிலிருந்து ஒரே ஒருவர்தான் பேசலாம். அந்த இடத்துக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார். என் வாழ்க்கையில் முதல் மேடை. “முதிய மண்டலத்தில் வெடித்த இளம் விண்மீன்” என்று தலைப்பையும் அந்த அறையிலேயே நான் எழுதிவிட்டேன்.

“திங்கக்கிழமை காலமை வரைக்கும் நேரம்,” என்றார். “எல்லாத்தையும் முதலிலயிருந்து பாரும். நிண்டுபிடிக்குமெண்டால் தலைப்பு நிக்கட்டும். உமக்கே சந்தேகமெண்டால் சொல்லும், இடத்தை வேற ஒரு பிள்ளைக்குக் குடுப்பம்.”

சேர் சொன்ன எல்லாவற்றிலும் இரண்டு சொற்கள் மட்டுமே என் காதில் ஏறின. பெரிய விஷயம்! பஸ்ஸில் அக்காவுக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா வேலிக்கு மேலால் சொன்னார். அண்ணன் குடும்ப வட்சப் குழுவில் “எங்கட தங்கச்சி விஞ்ஞானத்தை மாத்தி எழுதப்போறாள்” என்று போட்டு, கீழே வாணவேடிக்கைப் படங்களை வரிசையாக அடுக்கினார். ஒரு மாமா எந்த விண்மீன் என்று கேட்காமலே என் சாதகக் குறிப்பை அனுப்பச் சொன்னார்.

சனிக்கிழமை எழுவைதீவில் என் சிநேகிதியின் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பெருநாள். அவள் கணிதம், நான் பௌதிகம். முதல் வருடத்திலிருந்தே ஒன்றாகத் திரிகிறோம். அவளுடைய அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போகிறவர்கள். “வராட்டி இனி என்னோட கதைக்காதை” என்று ஒரு கிழமையாக வெருட்டிக்கொண்டிருந்தாள். லப்டொப்பை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி, முப்பத்தேழாவது வரியை இன்னொருதரம் பார்க்கலாம் என்று பேருக்கு ஒரு நினைப்பும் வைத்துக்கொண்டு, ஊர்காவற்றுறை ஜெட்டியில் படகு ஏறினேன்.

ஜெட்டியில் நின்று பார்த்தால் எழுவைதீவு ஒரு தீவு போலவே தெரியாது. நிலம் அவ்வளவு தாழ்வு. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும். பக்கத்தில் காரைநகர் அகலமாக, இதோ நான் என்று கிடக்கும். உற்றுப் பார்த்தால், அப்பால் பனைகளின் மேல்பாதியை மட்டும் வெட்டிக் கடலில் நட்டுவைத்தது மாதிரி ஒரு கோடு. பெருநாளுக்கென்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர், “எங்க தீவு? ஒண்டையும் காணேல்லையே” என்று படகில் கேட்டுக்கொண்டே வந்தார். என் சிநேகிதி அதைக் கேட்டிருந்தால் அவரைக் கடலில் இறக்கி நடந்து வரச் சொல்லியிருப்பாள்.

அவளுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் நாள் எல்லாருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் அவள் ‘ஊர்காவற்றுறை’ என்று எழுதினாள். எழுவைதீவு என்று எழுதினால், அது எங்கே, எப்படிப் போவது, அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் இருந்து நான் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதினேன். நாரந்தனைக்கும் அதே மூன்று கேள்விதான். தீவார் எல்லாரும் செய்வதுதான் இது. கிட்ட இருக்கிற பெரிய பெயரைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அவளுடைய அப்பாவின் கண்ணில் அந்தப் படிவத்தின் பிரதி எப்படியோ பட்டு, “ஊர்காவற்றுறையில உனக்கு எத்தினை பரப்புக் காணி கிடக்கு?” என்று அன்றிரவுச் சாப்பாடு முடியும் வரை கேட்டிருக்கிறார்.

பூசை முடிந்து, கொடிகளுக்குக் கீழே நின்று ஐஸ்கிறீமும் குடித்து, அவள் வீட்டுக்கு வந்தபோது பதினொரு மணி இருக்கும். குசினிக்குள் அவளுடைய அம்மா, எனக்கு அன்ரி, நண்டுக் குழம்பில் நின்றார். உதவி செய்யப் போன எங்களை மணத்தோடு வெளியே கலைத்தார். “சரி, உன்ர உலக அதிசயத்தைக் காட்டு,” என்றாள் சிநேகிதி.

வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது. வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்கு மேல் வைத்தால் ஒழுங்காக வரும் என்றாள். வைத்தோம். வெயிலில் திரை கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை இழுத்து இருவருமாகத் தலையோடு மூடிக்கொண்டோம். வெளியே, அந்தப் பக்கத்தால் போன அவளுடைய அப்பா நின்றார்.

“என்ன, ரெண்டும் ஒளிச்சு விளையாடுதுகளோ?”

“நட்சத்திரம் வெடிச்ச இடம் பாக்கிறம் அங்கிள்!”

“வெடிச்சு விழுந்தால் சொல்லுங்கோ. வலையை எடுத்திட்டு வாறன்.”

விரிப்புக்குள் வேர்த்து ஊற்றியது. நான் மஞ்சள் முட்டையைக் காட்டி, ஐதரசனைக் காட்டி, பெருமையோடு என் அட்டவணையைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. கணிதக்காரி, ‘வீடு’ என்ற நிரலைப் பார்த்தாள்.

“இந்த வீட்டை எப்பிடித் தெரிஞ்செடுத்தனி?”

“வெடிச்ச இடத்தைக் குடுத்தால், அயலில என்னென்ன இருக்கெண்டு ஒரு பட்டியல் வரும். அதில பாத்து எடுக்கிறதுதான்.”

“காட்டு.”

பட்டியலைத் திறந்தேன். முப்பத்தேழாவதுக்கு இரண்டே இரண்டு பதிவுகள். மேலே உள்ளது, பழைய பட்டியல்களில் எல்லாம் இருக்கிற, படித்தவர்களுக்குப் பழக்கமான பெயருள்ள நீள்வட்டம். கீழே பெயரே இல்லை. பத்தொன்பது இலக்கங்கள் மட்டும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

“இது என்ன?”

“அது ஏதோ மங்கல் புள்ளி. பேர் இல்லை. கணினி தானா வைச்ச இலக்கம்.”

“தூரத்தைப் பார். வெடிச்ச இடத்துக்கு எது கிட்ட?”

பார்த்தேன். பெயரில்லாததுதான் கிட்ட. கிட்ட என்றால், ஏறக்குறைய அதற்குள்ளேயே.

பிறகு அவள் குலுங்கத் தொடங்கினாள். அழுகிறாளோ என்று திரும்பினால், சிரிப்பு.

“எடியே! நீ திரும்பவும் முதல் நாள் கம்பஸ் போர்ம் நிரப்பியிருக்கிறாய்!”

எனக்கு முகம் சுட்டது. வெயில் என்று சொல்ல முடியாது, விரிப்புக்குள் வெயில் இல்லை. அறுபது விண்மீன்களுக்கு நான் விசாரித்து விசாரித்து வீடு எழுதினேன். ஒன்றுக்கு மட்டும், கிட்ட இருந்த பெரிய பெயரைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறேன். பட்டியலைத் திறந்த முதல் நாளே அந்த இலக்கம் அங்கே இருந்தது. என் விரல் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. நாரந்தனை எங்கே என்று இன்னொருவர் கேட்டால் மூன்று நாள் குமுறுகிற நான்!

“இன்னும் உறுதியில்லை,” என்றேன். “அது சும்மா பின்னால நிக்கிற ஒண்டாயும் இருக்கலாம்.”

“எப்பிடிப் பாக்கிறது?”

ஒரு வழி இருந்தது. இளம் பெரிய விண்மீன்கள் கழியூதாவில், கண்ணுக்குத் தெரியாமல் தோலைக் கருக்குகிற அந்த ஒளியில், பிரகாசமாக எரியும். கிழட்டு விண்மீன்களுக்கு அந்த ஒளி மிகக் குறைவு. அதே வானத்துண்டைக் கழியூதாவில் எடுத்த படமும் இணையத்தில் கிடந்தது. நான்தான் இதுவரை அதைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் முடிவு தெரிந்துவிடும். வியாழக்கிழமை மேடை இருக்கிறதா இல்லையா என்றும் தெரிந்துவிடும்.

“பாக்காமலும் விடலாம்,” என்றாள் அவள், சிரிப்பை நிறுத்திவிட்டு. “ஒருத்தரும் பாக்க மாட்டினம். சேர் கூட உன்னைத்தான் நம்பியிருக்கிறார்.”

எனக்கு உடனே தோன்றியது, அண்ணனின் வாணவேடிக்கைகள். அடுத்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த முகங்கள். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், லப்டொப்பை மூடிவிட்டு நண்டு சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பெட்டி ஒன்று மூடிக் கிடந்தால் திறக்காமல் இருக்க ஏலாது. பொத்தானை அழுத்தினேன்.

படம் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக வந்தது. முதல் துண்டில் கறுப்பு. அடுத்ததிலும் கறுப்பு. சிக்னல் நின்றது. அவள் லப்டொப்பைத் தூக்கி வள்ளத்தின் அணியத்தில், கூர்முனைப் பக்கம் வைத்தாள். விரிப்பும் நானும் பின்னால் போனோம். மறுபடி வந்தது. பெரிய மஞ்சள் முட்டை இருந்த இடத்தில் ஈரக்கையால் தொட்டது போல ஒரு மங்கல், அவ்வளவுதான். அதற்குக் கீழே, வலப்பக்கம், வெடிப்பு நடந்த அதே இடத்தில்,

“அம்மாடி!” என்றாள் அவள்.

குட்டியாக, கோணலாக, ஒரு பக்கம் கிழிந்த இலை மாதிரி, முழுக்க ஒளியாக ஒன்று நின்றது. கண்ணுக்குத் தெரியும் படத்தில் பெரியதின் வெளிச்சத்துக்குள் அமுங்கிக் கிடந்தது அது. இந்தப் படத்தில் பெரியது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதற்குள் நீலக் கொத்துகள், அடுத்தடுத்து. புதிதாகப் பிறக்கிறவை, எரிகிறவை, வெடிக்கிறவை. தொட்டில் நிறைந்த ஒரு சின்ன ஊர்.

என் உலக அதிசயம் அந்த இடத்தில் செத்துப்போனது. நான் துக்கப்பட வேண்டும். ஆனால் விரிப்பை உதறி எறிந்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டு மணலில் சுற்றினேன். அன்ரி அகப்பையோடு வெளியே ஓடி வந்து, “என்ன, பாம்போ?” என்றார்.

திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அங்கேயே வள்ளத்தில் சாய்ந்து நின்று சேருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: பட்டியல், இரண்டு பதிவு, பெயருள்ளதை நான் எடுத்தது, ஏன் எடுத்தேன் என்பது, படிவம் உட்பட. அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப பிழை உம்மடதான்,” என்றார் கடைசியில்.

“ஓம் சேர். இடத்தை மற்றப் பிள்ளைக்குக் குடுங்கோ.”

“ஏன்?”

“தலைப்பு நிக்காது சேர்.”

“தலைப்பு நிக்காது. நீர் நிக்கலாம்தானே?” மறுபக்கத்தில் கண்ணாடி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. “சின்ன மண்டலம் உண்மையில வெடிப்பு நடந்த அதே தூரத்திலதான் இருக்கோ எண்டு இன்னும் அளக்கேல்லை. அதையும் மேடையில சொல்லும். பிழைவிட்ட கதையையும் சொல்லும். மிச்சம் ஐம்பத்தொன்பதையும் திருப்பிப் பாத்திட்டு வாரும். இன்னும் எத்தினை பேரை யாழ்ப்பாணத்தில குடியேத்தி வைச்சிருக்கிறீரோ, ஆருக்குத் தெரியும்.”

நண்டு சாப்பிட்ட கையோடு அம்மாவுக்கும் எடுத்தேன். “அம்மா, அந்தச் செய்தி பிழை. நடக்காதது ஒண்டும் நடக்கேல்லை.”

“ஐயோ, நான் ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டனே. இனி என்ன சொல்ல?”

“பக்கத்தில ஒரு சின்ன ஊர் இருந்தது, ஒருத்தரும் கவனிக்கேல்லை, நான் கண்டனான் எண்டு சொல்லுங்கோ.”

அம்மா யோசித்தார். “நீலமோ?”

“நல்ல நீலம்.”

“அது முந்தினதிலும் பாக்க நல்லாத்தானே கிடக்கு,” என்றார்.

ஐம்பத்தொன்பதையும் திருப்பிப் பார்த்தேன். இன்னும் இரண்டு அகப்பட்டன. இரண்டுமே பெரியதின் நிழலில் குடியிருந்த சின்னவை. அவற்றையும் சொந்த வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைய ஆட்கள். பஸ் அக்கா மட்டும்தான் வரவில்லை என்று நினைக்கிறேன். பேசத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்து சேர் முதல் வரிசையில் மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மஞ்சள் முட்டையைக் காட்டினேன், என் பிழையைச் சொன்னேன், கழியூதாப் படத்தைப் போட்டேன். பெரியது மறைந்து சின்னது எரிந்தபோது மண்டபத்தில் ஒரு “ஆ” எழுந்தது. அதைச் சாகும் வரைக்கும் வைத்திருப்பேன்.

கேள்வி நேரத்தில், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் எழும்பினார். “அந்தச் சின்ன மண்டலத்துக்கு என்ன பெயர்?”

“பெயர் இல்லை சேர். இலக்கம்தான்.”

“பரவாயில்லை, அதைச் சொல்லுங்கள்.”

ஐந்து நாளாக அந்த இலக்கத்தை நான் படகிலும் பஸ்ஸிலும் போன் நம்பர் மாதிரிப் பாடமாக்கி, சிநேகிதிக்கும் ஒப்புவித்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். ஏழாவதில் யாரோ சிரித்தார். பத்தாவதில் பலர். பதினைந்தாவதில் முன்வரிசை என்னோடு விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தது. முடித்தபோது மண்டபம் கைதட்டியது. நான் குனிந்து வணங்கிவிட்டு, கால் நிலத்தில் படாமல் படியிறங்கினேன்.

நாலாவது வரிசையில் என் சிநேகிதி விரல்களைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி?”

“பதினெட்டுத்தான் சொன்னனி. நடுவில ஒரு ரெண்டை விட்டிட்டாய்.”

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் திரும்பிப் படியேறி மைக்கைப் பிடித்தேன்.

“மன்னிக்கவேணும்,” என்றேன். “முகவரி பிழை. திருப்பிச் சொல்லுறன்.”